பொன்னை அறிந்த கை

கிறிஸ்துமஸ் நெருங்கும் நாட்களில் வீடுகளுக்கு வந்து சேரும் வாழ்த்து அட்டைகளில், பொற்றகடு வேய்ந்த பின்புலத்தின்மீது நின்று நீண்ட எக்காளத்தை ஊதும் தேவதூதர் ஒருவரையோ, சிறு முரசைத் தாங்கி அதைக் கையால் தட்டும் இன்னொருவரையோ நம்மில் அநேகர் பார்த்திருக்கிறோம். பார்த்த கணத்தில் மனம் இளகுகிறது. பண்டிகை முடிந்ததும் அட்டை அலமாரிக்குள் போய்விடுகிறது. அந்தத் தேவதூதர்கள் தனித்தனிப் படங்களாகப் பிறந்தவர்கள் அல்லர் என்பதும், 1433-ஆம் ஆண்டில் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரத்து லினன் துணி வணிகர் சங்கத்தார் தங்கள் மாளிகைக்காக எழுதுவித்த ஒரு பெரிய மாடப் படத்தின் சட்டத்தைச் சுற்றி நிறுத்தப்பட்ட பன்னிருவர் அவர்கள் என்பதும், குழந்தை இயேசுவோடு நடுவே வீற்றிருக்கும் கன்னி மரியாளுக்காகவே அவர்கள் வாசிக்கிறார்கள் என்பதும், அட்டையைக் கண்டு மகிழ்ந்தோரில் வெகு சிலருக்கே தெரியும். சட்டம் உலகமெங்கும் சென்றது. படம் பின்னே நின்றுவிட்டது.

அதை எழுதிய ஓவியருக்கும் இதே கதிதான் நேர்ந்திருக்கிறது என்பது என் அபிப்பிராயம். உயிரோடிருந்த காலத்தில் சகோதரர் ஜியோவான்னி என்று வழங்கப்பட்டவர் அவர். மறைந்து சில ஆண்டுகளுக்குப் பிறகு அவருடைய சபையைச் சேர்ந்த துறவி ஒருவர் லத்தீன் கவிதையில் சூட்டிய அடைமொழி நிலைத்துவிட, தேவதூதரை ஒத்தவர் என்று பொருள்படும் 'பிரா ஆஞ்செலிக்கோ' என்ற பெயராலேயே இன்று அவரை உலகம் அறிகிறது. ஓவியர் இறந்து 95 ஆண்டுகள் கழித்து, 1550-ல், இத்தாலியக் கலைஞர்களின் சரித்திரத்தை எழுதி வெளியிட்ட ஜோர்ஜியோ வசாரி இந்தப் பெயரைச் சுற்றி ஓர் அழகிய ஒளிவட்டத்தையும் வரைந்தார். பிரார்த்தனை செய்யாமல் அவர் தூரிகையைத் தொட்டதில்லை. சிலுவையில் அறையுண்ட ஆண்டவரை எழுதும்போதெல்லாம் கன்னங்களில் கண்ணீர் வழியும். ஒருமுறை எழுதியதை இறைவன் சித்தமென்று கொண்டு மறுபடி திருத்தியதே இல்லை. இவ்வாறு வசாரி எழுதிவைத்ததைப் பின்வந்தோர் பக்தியோடு திரும்பத் திரும்பச் சொன்னார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேய அறிஞர் ரஸ்கின் இன்னும் ஒரு படி மேலே போய், ஆஞ்செலிக்கோவைக் கலைஞர் என்று சொல்வதைவிட அருள் பெற்ற புனிதர் என்று சொல்வதே பொருந்தும் என்ற கருத்தை வெளியிட்டார்.

பக்தியையும் கண்ணீரையும் இணைத்தே எண்ணிப் பழகிய நமக்கு இந்தக் கதை இனிக்கிறது. எனக்கும் இனித்த காலம் உண்டு. அந்தத் துறவியின் பக்தியை ஐயுறுவது என் நோக்கமன்று. அவர் அழுதிருக்கவும் கூடும். ஆனால் இந்தப் புகழ்ச்சியின் உள்ளே ஓர் அநீதி ஒளிந்திருக்கிறது. கையை இறைவன் பிடித்து எழுதினான் என்று சொல்லும்போது, அந்தக் கை பல்லாண்டு பயின்ற பயிற்சியும், அந்தப் பயிற்சியை எங்கே செலுத்துவது, எங்கே நிறுத்துவது என்று தீர்மானித்த புத்தியும் மறைந்துபோகின்றன. வெள்ளையுள்ளம் படைத்த ஓர் எளிய மனிதர் தாம் அறிந்த அளவில் எழுதிவைத்தார் என்று ஆகிவிடுகிறது. அவருடைய மெய்யான துறவு எங்கே இருக்கிறது என்பது இதனால் நம் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் ஆவணக் காப்பகங்களிலிருந்து வெளிவந்த சில பழைய ஏடுகள் இந்த வாழ்க்கைக்கு வேறொரு தொடக்கத்தைத் தந்தன. வசாரியின் கணக்கை நம்பியவர்கள், அவர் 1387-ஐ ஒட்டிப் பிறந்து இருபது வயதிலேயே மடம் புகுந்தவர் என்று எண்ணியிருந்தார்கள். ஏடுகளோ, 1417-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் பிளாரன்ஸின் பக்திச் சங்கம் ஒன்றில் சேர்ந்த குவிதோ தி பியேத்ரோ என்னும் ஓவியரையும், மறு ஆண்டின் தொடக்கத்தில் நகரத்துக் கோயில் ஒன்றில் அவர் செய்த வேலைக்காகக் கொடுத்த கூலியையும் காட்டின. 1423-ல்தான் அதே மனிதர் துறவுப் பெயரோடு தென்படுகிறார். ஆகவே பிளாரன்ஸுக்கு வடக்கே முஜெல்லோ பள்ளத்தாக்கில், விக்கியோ என்னும் ஊரருகில், 1395-ஐ ஒட்டிப் பிறந்த அவர், கடையும் கணக்கும் கூலியுமாகத் தொழில் நடத்திய ஓர் இல்லறத்து ஓவியராக இருந்து, கைத்தொழிலில் தேர்ந்த பின்னரே பியேசோலே குன்றின்மேல் இருந்த மடத்தின் கதவைத் தட்டியிருக்கிறார்.

இந்தச் சில ஆண்டுகளின் மாற்றம் அற்பமானதன்று. நம் நாட்டுக் கத்தோலிக்கர் சாமிநாதர் என்று அன்போடு வழங்கும் புனித தோமினிக் நிறுவிய சபையின் மடம் அது. அதிலும் ஆதி விதிகளைத் தளர்த்தாமல் கைக்கொள்ள வேண்டுமென்று புறப்பட்ட சீர்திருத்தப் பிரிவினரின் மடம். அங்கே சேர்ந்தவருக்குச் சொந்தமென்று எதுவும் இல்லை. அவர் தூரிகை ஈட்டிய பொருளும் மடத்துக்கே உரியது. பிளாரன்ஸ் நகரம் குன்றிலிருந்து பார்த்தால் கீழே விரிந்து கிடக்கும். அங்கே அப்போது புருனெல்லெஸ்கி பேராலயத்தின்மேல் மாபெரும் குவிமாடத்தை எழுப்பிக்கொண்டிருந்தார். மசாச்சோ என்னும் இளைஞர், சுவரில் எழுதிய மனிதன் தரையில் பாரத்தோடு கால் ஊன்றி நிற்பதையும் அவன் நிழல் பின்னால் விழுவதையும் உலகம் அதுவரை கண்டிராதபடி எழுதிவிட்டு, இருபத்தேழு வயது நிறையும் முன்பே, 1428-ல் மறைந்தார். இந்தப் புதுமைகளுக்கெல்லாம் முந்திய தலைமுறையின் மிச்சமென்று ஆஞ்செலிக்கோவைக் கருதிய காலம் ஒன்று இருந்தது. உண்மையில் அவர் மசாச்சோவுக்குச் சில ஆண்டுகளே மூத்தவர். அந்த இளைஞரின் கண்டுபிடிப்புகளை மிக விரைவில் உணர்ந்து கைக்கொண்ட முதல்வர்களில் ஒருவர்.

இதற்குச் சாட்சி வேண்டுமானால், செல்வர் பல்லா ஸ்த்ரோட்சியின் பொருளில், சாந்தா திரினிதா கோயிலுக்காக எழுதப்பட்ட, ஆண்டவரைச் சிலுவையினின்று இறக்கும் படத்தைப் பார்க்க வேண்டும். அதைத் தொடங்கியவர் லொரென்சோ மொனாக்கோ என்னும் மூத்த துறவி ஓவியர். அவர் இறந்துபோகவே, மேலே மூன்று கூர்வளைவுகளோடு பழைய முறையில் செய்யப்பட்டிருந்த சட்டம் ஆஞ்செலிக்கோவின் கைக்கு வந்தது. படத்தை மூன்று துண்டாக்கிவிடக் கூடிய சட்டம் அது. அவரோ நடு வளைவின்கீழ்ச் சிலுவையையும் ஏணிகளையும் நிறுத்தி, இடப்புறம் மதில் சூழ்ந்த நகரத்தையும், வலப்புறம் மரங்களும் குன்றுகளுமாக விரியும் தஸ்கனி நாட்டையும் எழுதி, மூன்று வளைவுகளுக்கும் பின்னால் ஒரே வானத்தையும் ஒரே பகலொளியையும் ஓடவிட்டார். துணியில் ஏந்தி மெல்ல இறக்கப்படும் அந்த வெண்மேனியின் பாரம், தாங்குகிற கைகளிலெல்லாம் பகிர்ந்து கிடக்கிறது. ஓரத்தில் ஒருவர் ஆணிகளையும் முள்முடியையும் கையிலேந்திப் பக்கத்தில் நிற்பவர்களுக்குக் காட்டுகிறார். அவர்கள் பார்க்கிற பார்வையில் அழுகையைவிட ஆழ்ந்த சிந்தனைதான் தெரிகிறது. இது தொழிலின் நுட்பங்கள் அனைத்தையும் அறிந்து ஆண்ட ஒருவரின் காரியம்.

லினன் வணிகர்களோடு செய்துகொண்ட ஒப்பந்தம் இன்னும் இருக்கிறது. 1433 ஜூலையில் எழுதப்பட்ட அதில், கிடைக்கும் பொன்னிலும் நீலத்திலும் வெள்ளியிலும் மிகச் சிறந்தவற்றையே உள்ளும் புறமும் இட்டு எழுத வேண்டும் என்றும், கூலி 190 பொன் புளோரின் என்றும், அல்லது அவருடைய மனச்சாட்சி குறைவாகப் பெறச் சொன்னால் அந்தக் குறைந்த தொகை என்றும் குறித்திருக்கிறார்கள். பணத்தின் அருமை தெரிந்த வணிகர்கள் விலையை எதிராளியின் மனச்சாட்சிக்கே விட்டார்கள் என்பதை நினைக்குந்தோறும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. கண்ணீர்க் கதைகளைவிட அவர் நேர்மைக்கு இந்த ஒரு வரி பெரிய சான்று. அந்தப் படத்தின் பளிங்குச் சட்டத்துக்கு வடிவம் கொடுத்தவர் பிளாரன்ஸின் வெண்கலக் கதவுகளால் புகழ் பெற்ற கிபெர்த்தி. நீலமென்றால் எந்த நீலம்? ஆப்கானிஸ்தானத்தின் பதக்ஷான் மலைகளில் வெட்டியெடுத்த ராஜவர்த்தக் கல்லை அரைத்துச் சலித்துப் பிரித்தெடுத்த நீலம். கடலுக்கு அப்பாலிருந்து வந்ததென்றே அவர்கள் மொழியில் பெயர் பெற்ற நீலம். அதையும் பொன்தகட்டையும் தாராளமாக இட்டு, வணிகர் சங்கத்தின் மாண்புக்குத் தக்கபடி மரியாளை எழுதிக் கொடுத்தார் அவர்.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1436-ல், முற்றிலும் வேறான மக்களுக்காக அவர் எழுதிய படம் ஒன்று உண்டு. மரணதண்டனை விதிக்கப்பட்டவர்களுக்கு இறுதி இரவில் துணையிருந்து, கொலைக்களம் வரை கூடவே நடந்து சென்று ஆறுதல் சொல்வதைத் தொண்டாகக் கொண்ட சங்கம் ஒன்று பிளாரன்ஸில் இருந்தது. அவர்களுடைய கோயிலுக்காக எழுதிய படத்தில், ஒரு நகரத்தின் மதிலுக்கு வெளியே, வெறுந்தரையில், சிலுவையினின்று இறக்கிய ஆண்டவரின் உடல் நீட்டிக் கிடத்தப்பட்டிருக்கிறது. பெண்களும் ஆண்களும் சுற்றி மண்டியிட்டு அவர் கையையும் காலையும் தொடுகிறார்கள். தாமும் ஒரு நகரத்தின் வாயிலுக்கு வெளியே கொண்டுபோகப்பட்டுக் கொல்லப்படப் போகிறோம் என்று அறிந்த ஒரு மனிதனுக்கும், அவனுடைய கையைப் பற்றி நடக்கப்போகிற தொண்டர்களுக்கும் எது ஆறுதலாகும் என்று எண்ணி எண்ணி எழுதியதாகவே அந்த மதிலும் அந்த வெறுந்தரையும் எனக்குத் தோன்றுகின்றன. ஒரு படத்தை எழுதத் தொடங்குமுன் இதை யார் பார்க்கப்போகிறார் என்று கேட்டவர் அவர். இந்தக் கேள்விக்கு அவர் அளித்த மகத்தான விடை சான் மார்க்கோ மடத்தில் இருக்கிறது.

அந்த மடம் வேறொரு சபையாரிடமிருந்து எடுக்கப்பட்டு, நான்காம் யூஜீனியஸ் பாப்பரசரால் 1436-ல் பியேசோலே துறவிகளுக்குக் கொடுக்கப்பட்டது. பாழடைந்து கிடந்த கட்டிடத்தை மிகெலொட்சோ என்னும் சிற்பாசாரியைக் கொண்டு புதுப்பிக்கும் செலவை ஏற்றவர், நகரத்தின் பெருஞ்செல்வரான கோஸிமோ தே மெதிச்சி. அவருடைய செல்வத்தில் முறைகேடாகச் சேர்ந்த பங்கு மனத்தை உறுத்தியதால், பாப்பரசரின் ஆலோசனைப்படி இந்தத் திருப்பணியில் இறங்கினார் என்று அவரை அறிந்த சமகாலத்தவர் ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். 1443-ஆம் ஆண்டு மூன்று ராஜாக்கள் திருநாளன்று பாப்பரசரின் முன்னிலையில் கோயில் அபிஷேகம் நடந்தது. கோயிலின் பீடத்துக்கு ஆஞ்செலிக்கோ எழுதிய பெரும்படத்தில் பொன்னும் நீலமும் கம்பளமும் திரைச்சீலையும் யாவும் உண்டு; மெதிச்சி குடும்பத்தின் காவலர்களான மருத்துவப் புனிதர்கள் கோஸ்மாஸும் தமியானும் முன்னால் மண்டியிட்டிருக்கிறார்கள். கொடையாளரின் மரியாதைக்கும் ஊரார் கூடும் கோயிலின் மாண்புக்கும் உரியதை அவர் குறையாமல் கொடுத்தார்.

ஆனால் மாடிப்படி ஏறிப் போனால் உலகம் மாறிவிடுகிறது.

படி முடியும் இடத்தில், எதிர்ச் சுவரில், மங்கள வார்த்தைக் காட்சி நம்மை எதிர்கொள்கிறது. தூணிட்ட ஒரு தாழ்வாரம், முக்காலியில் அமர்ந்த மரியாள், இப்போதுதான் வந்திறங்கி முழந்தாள் மடக்கும் கபிரியேல் தூதர். இந்த உருவத்தின் முன் வரும்போது அருள்நிறை மந்திரத்தைச் சொல்லாமல் கடந்துபோகாதே என்று துறவிகளுக்கு நினைவூட்டும் வாசகம் ஒன்று அடியில் எழுதப்பட்டிருக்கிறது. நள்ளிரவு ஜெபம் முடித்துக் கீழிருந்து தூக்கக் கண்களோடு ஏறிவரும் ஒரு துறவி, தலை நிமிர்ந்த முதற்கணத்தில் காண்பது அந்த இருவரைத்தான். அதற்கப்பால் இருபுறமும் நீளும் நடைகளில் 40-க்கும் மேற்பட்ட சிற்றறைகள்; ஒவ்வோர் அறையிலும் ஒரு சன்னல், ஒரு சுவரோவியம். எல்லாம் அவர் கையாலேயே எழுதப்பட்டவை அல்ல. பெனோட்சோ கோட்சொலி முதலிய உதவியாளர்கள் பலர் கூட உழைத்தார்கள். எது யாருடையது என்பதில் அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். இந்த வாதம் எனக்கு முக்கியமன்று. அறைகள் அனைத்தையும் ஒரே தியானமாகக் கட்டிய எண்ணம் ஒருவருடையது; அதில் ஐயமில்லை.

மூன்றாம் அறைக்குள் போவோம். இங்கும் மங்கள வார்த்தைதான் பொருள். இதே பொருளைச் சில ஆண்டுகளுக்கு முன் அவர் தம் பியேசோலே மடத்துக் கோயிலுக்காக எழுதியிருந்தார். இப்போது மாட்ரிட் நகரத்துப் பிராதோ கூடத்தில் இருக்கும் அந்தப் பலகைப் படத்தில், ஏதேன் தோட்டத்திலிருந்து துரத்தப்படும் ஆதாமும் ஏவாளும், அவர்கள் காலடியில் செறிந்த பூக்களும் கனிகளும், தாழ்வாரத்தின் இரும்புக் கம்பிமேல் வந்தமர்ந்த ஒரு தகைவிலான் குருவியும், பொற்கதிரில் இறங்கும் புறாவும், விலைமதிப்பற்ற நீலத்தில் மரியாளின் மேலாடையும் கண்ணை எந்தப் பக்கமும் ஓய விடாமல் அழைத்துக்கொண்டே இருக்கின்றன. அறையின் சுவரிலோ குருவி இல்லை, பூ இல்லை, புறா இல்லை, தோட்டமில்லை, ஆதாமும் ஏவாளும் இல்லை. வெள்ளையடித்த வளைவுக் கூரையின் கீழ், மெலிந்த மரியாள் கைகளை மார்பின்மேல் குறுக்காக வைத்துத் தணிந்திருக்கிறாள். தூதர் நின்றபடி அவளைப் பார்க்கிறார். இருவருக்கும் இடையில் சுவர், வெறுஞ்சுவர், அதன்மேல் மென்மையாக விழும் ஒளி. வெளியே ஓர் ஓரத்தில், சபையின் மறைசாட்சியான புனித பேதுரு கைகூப்பி நிற்கிறார். சொல்ல வேண்டிய செய்தியை அந்த வெற்றிடம் சுமந்து நிற்கிறது.

இந்த வெறுமையை எளிய மனிதரின் எளிமை என்று எப்படிச் சொல்ல முடியும்? குருவியின் வால் இறகைக்கூட எழுதத் தெரிந்த கை, எழுதாமல் விட்டிருக்கிறது. அறையில் வசிக்கப்போகிறவன் வணிகன் அல்லன். வியந்து போற்ற வந்த யாத்திரிகனும் அல்லன். பார்க்க ஒரு சுவரும், எண்ண ஒரு வாழ்நாளும் உடைய துறவி. முதல் வாரத்தில் தீர்ந்துபோகிற அழகு அவனுக்கு உதவாது. இருபதாவது ஆண்டிலும் அவன் எழுந்து உட்கார்ந்து பார்க்கும்போது படத்தில் அவன் நுழைய இடம் வேண்டும். அந்த இடத்தைத்தான் ஓவியர் காலியாக விட்டுவைத்தார். பொன்னே காணாதவன் பொன்னைத் துறந்தேன் என்றால் அந்தச் சொல்லுக்குப் பொருளில்லை. ஆஞ்செலிக்கோவோ, பிளாரன்ஸில் பொன்னையும் நீலத்தையும் அவரினும் நுட்பமாகக் கையாண்டவர் யாருமில்லை என்று சொல்லத்தக்க நிலையில் நின்று, தம் சகோதரர்களின் அறைக்குள் நுழையும்போது அவற்றை வாயிலிலேயே இறக்கிவைத்தார். அவருடைய துறவறம் அவருடைய தொழிலுக்குள்ளேயே நிகழ்ந்தது என்று நான் சொல்லத் துணிவது இதனால்தான்.

ஏழாம் அறையின் ஓவியத்தைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் எனக்குத் தகும். ஆண்டவரைப் பரிகசித்த காட்சி அது. வேறு எந்த ஓவியரும் அங்கே முரட்டுச் சேவகர் கூட்டத்தையும், வக்கரித்த முகங்களையும், ஓங்கிய தடிகளையும் நிரப்பியிருப்பார்; பார்ப்பவன் அவர்களை வெறுத்துத் தன்னை நல்லவனென்று எண்ணிக்கொண்டு போயிருப்பான். இங்கே ஆண்டவர் வெண்ணாடையோடு ஓர் அரசரைப் போல அமர்ந்திருக்கிறார். கண்ணைக் கட்டிய துணி மெல்லியது, அதனூடே மூடிய இமைகள் தெரிகின்றன. அவரைச் சுற்றி வெளியில், உடலில்லாத கைகள் மட்டும் மிதக்கின்றன. ஒன்று அறைய ஓங்குகிறது, ஒன்று கோலால் தலையில் அடிக்கிறது. உடலற்ற ஒரு தலை தொப்பியைத் தூக்கி வணங்குவது போல நடித்துக் காறித் துப்புகிறது. அடித்த கைகளுக்கு உடையவர் எவர் என்று படம் சொல்லவில்லை. கைகள் யாருடையவையாகவும் இருக்கலாம். அறைக்குள் தனியே இருக்கும் துறவிக்கு இந்த எண்ணம் எழாமல் இராது. கீழே படியில் இருவர் அமர்ந்திருக்கிறார்கள்: ஒரு பக்கம் கன்னத்தில் கைவைத்த தாய், மறுபக்கம் சாமிநாதர், மடியில் விரித்த புத்தகத்தைப் படித்துக்கொண்டு. இருவரும் திரும்பி மேலே பார்க்கவில்லை. நடந்தது சாமிநாதருக்குள் நிகழ்கிறது. ஏட்டைப் படிக்கிறார், மனத்தில் காண்கிறார். அறையில் உட்கார்ந்திருப்பவனும் செய்ய வேண்டியது அதுவே. பரிகாசத்தின் இரைச்சல் முழுவதையும் விலக்கி, அதன் கொடுமையை மாத்திரம் எஞ்சவிட்ட இந்தச் சித்திரத்தை எழுதியவர் பேதை மனத்தினர் என்றால், அறிவு என்ற சொல்லுக்கு வேறு பொருள் தேட வேண்டியிருக்கும்.

இது வறுமையால் வந்த சிக்கனம் என்று கூறுவோர் இருப்பின், அவர்களுக்கு அவருடைய அடுத்த ஆண்டுகள் விடை கூறும். 1445-ஐ ஒட்டிப் பாப்பரசர் அவரை ரோமாபுரிக்கு அழைத்தார். பின்வந்த ஐந்தாம் நிக்கொலாஸ் பாப்பரசருக்காக வத்திக்கான் அரண்மனையின் சிறு ஆலயத்தில் புனித ஸ்தேவான், புனித லவுரேஞ்சியார் ஆகியோரின் சரித்திரங்களை அவர் எழுதினார். அங்கே பழைய ரோமாபுரியின் தூண்களும் வளைவுகளும் மாண்போடு எழுகின்றன. நீலமும் பொன்னும் திரும்ப வந்துவிட்டன. அரசர்க்கு அரசராக வீற்றிருந்தவரின் பிரார்த்தனை அறைக்கு அதுவே தகும் என்று அவர் கண்டார். ஆயினும் அந்தச் செழிப்பின் நடுவே, லவுரேஞ்சியார் திருச்சபையின் பொருளை ஏழைகளுக்குப் பகிர்ந்தளிக்கும் காட்சியில், கோலால் தடவி வரும் குருடரையும், காலிழந்து தரையில் அமர்ந்தவரையும், குழந்தையை ஏந்திய தாயையும் முன்வரிசையில் நிறுத்தினார். பாப்பரசர் ஒவ்வொரு நாளும் எதைப் பார்க்க வேண்டும் என்பதையும் அவர் யோசித்திருக்கிறார்.

இனி, அவர் எதையும் திருத்தியதில்லை என்ற கதைக்கு வருகிறேன். ஈரச் சுண்ணச்சாந்தின்மேல் எழுதும் முறையை அறிந்தவர்களுக்கு இதன் வேர் எங்கே என்பது எளிதில் விளங்கும். ஒரு நாளில் எழுதி முடிக்கக் கூடிய அளவே சாந்து பூசப்படும். அது காய்வதற்குள் வர்ணம் சுண்ணத்தோடு கலந்து கல்லாகிவிட வேண்டும். பிறகு மாற்ற வேண்டுமானால் அந்தப் பகுதியைக் கொத்தியெடுத்துப் புதிதாகப் பூச வேண்டும். திருத்தாமை அங்கே தொழிலின் விதி. காய்ந்த சுவரில் மேற்பூச்சிட்டுத் திருத்துவது இழிவு என்று வசாரியே தம் நூலின் முன்பகுதியில் ஓவியர்களுக்கு உபதேசிக்கிறார்; தாம் போற்றிய தொழில் ஒழுக்கத்தைத்தான் துறவியின் பக்தியாக மாற்றிச் சொல்லிவிட்டாரோ என்று எனக்குத் தோன்றுகிறது. ஆஞ்செலிக்கோவும் தேவைப்பட்ட இடத்தில் காய்ந்த சுவரில் நீலத்தை ஏற்றியிருக்கிறார். சான் மார்க்கோவின் கூடத்தில் சுவர் முழுவதும் விரியும் சிலுவைப்பாட்டில், அவ்வாறு ஏற்றிய வானநீலம் காலத்தால் உதிர்ந்து, அடியிலிட்ட மங்கிய நிறம் மட்டும் நிற்பதை இன்றும் காணலாம். நாளுக்கு எவ்வளவு சாந்து, எந்த முகம் எந்த நாளில், எந்த நிறம் ஈரத்தில், எது காய்ந்தபின் என்று கணக்கிட்டுக்கொண்டு, கீழே உதவியாளர்களுக்குக் கட்டளையிட்டபடி சாரத்தின்மேல் நின்ற மனிதரை நான் காண்கிறேன். அந்த மனிதர் மடத்தின் நிர்வாகப் பொறுப்புகளையும் பலமுறை ஏற்றவர்; 1450-ல் பியேசோலே மடத்தின் தலைவராகவும் ஆனவர். அவரைப் பிளாரன்ஸின் அதிமேற்றிராணியாராக்கப் பாப்பரசர் எண்ணியதாகவும், அவரோ தம் சபைச் சகோதரர் அந்தோணினோவைச் சுட்டிக்காட்டி விலகியதாகவும் ஒரு வரலாறு உண்டு. வசாரி பாப்பரசரின் பெயரை மாற்றிச் சொன்னாலும், 1446-ல் அந்தோணினோ அந்தப் பதவி பெற்றது மெய்.

1455 பிப்ரவரி 18-ஆம் தேதி ரோமாபுரியில் அவர் இறந்தார். சாந்தா மரியா சோப்ரா மினெர்வா கோயிலில், துறவாடையோடு படுத்த கோலத்தில் அவரைச் செதுக்கிய பளிங்குக் கல்லின்கீழ் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். பழைய கிரேக்க ஓவியர் அப்பெல்லஸுக்கு நிகராக என்னைப் புகழ வேண்டாம், ஈட்டியதையெல்லாம் கிறிஸ்துவின் ஏழைகளுக்குக் கொடுத்தேன் என்பதற்காக நினையுங்கள் என்ற கருத்தில் கல்லறை வாசகம் அமைந்திருக்கிறது. 1982-ல் இரண்டாம் யோவான் பவுல் பாப்பரசர் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். ஓவியர்களுக்குப் பாதுகாவலர் என்ற பட்டமும் பின்னர் வந்தது.

அவருடைய பலகைப் படங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லவே மனம் வருந்துகிறது. பியேசோலே கோயிலின் முதற்படத்தை 1501-ல் வேறோர் ஓவியர் காலத்தின் மோஸ்தருக்கு ஏற்ப மாற்றியமைத்தார். அதன் அடியில் 200-க்கும் மேற்பட்ட சிற்றுருவங்களோடு இருந்த பலகைகள் லண்டனில் இருக்கின்றன. சான் மார்க்கோவின் பெரும்படம், பிற்காலத்தில் யாரோ காரமிட்டுக் கழுவியதால் மேற்பரப்பின் பெருமையை இழந்து நிற்க, அதன் அடிப்பலகைகள் மியூனிக்கிலும் டப்ளினிலும் பாரிஸிலும் வாஷிங்டனிலுமாகச் சிதறிவிட்டன. அதே படத்தின் ஓரத்தில் இருந்த இரண்டு சிறு புனிதர்கள், 2006-ல் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு வீட்டின் அறையிலிருந்து வெளிப்பட்டார்கள். கோயில்களும் மடங்களும் கலைக்கப்பட்ட காலங்களில் பீடத்தைப் பிரித்து, விலைபோகும் அளவுக்கு அறுத்து, துண்டு துண்டாக விற்றவர்களின் செயல் இது. அழகியது எதுவோ அதை மாத்திரம் வெட்டியெடுத்துக்கொள்ளும் அதே மனப்பான்மையைத்தான் நம் வாழ்த்து அட்டைகளும் கலைப் புத்தகங்களும் அறியாமலேயே தொடர்கின்றன.

அறைகள் தப்பின. சுவரை யாரும் மூட்டை கட்டிக்கொண்டு போக முடியவில்லை. 1866-ல் இத்தாலிய அரசு மடங்களைக் கலைத்தபின், 1869 முதல் அந்த இடம் பொதுமக்கள் பார்க்கும் காட்சிச்சாலையாக இருக்கிறது. ஆனால் புத்தகங்களில் அந்த ஓவியங்களை அச்சிடுவோர், படத்தின் ஓரத்தோடு கத்தரித்து, கறுப்புத் தாளின்மேல் நகையைப் போல வைத்துவிடுகிறார்கள். பக்கத்திலேயே, ஒரே சுவரில், ஒரே வளைவு வடிவத்தில் ஒரு சன்னல் இருப்பது வாசகருக்குத் தெரிவதே இல்லை. வெளியுலகத்துக்கு ஒரு சன்னல், உள்ளுலகத்துக்கு ஒரு சன்னல் என்று அறையில் இருப்பவனுக்கு அமைத்த அந்தக் கருத்து அப்போது அறுந்துபோகிறது. கலைப் புத்தகங்களைப் பதிப்பிப்போருக்கும், கலைக்கல்லூரிகளில் பாடம் நடத்துவோருக்கும் என் வேண்டுகோள் ஒன்றே: அடுத்த முறை மூன்றாம் அறையையோ ஏழாம் அறையையோ காட்டும்போது, சன்னலையும், வெள்ளைச் சுவரையும், தரையையும் சேர்த்துக் காட்டுங்கள். ஆடைகளின் நிறம் சிறிது சிறுத்துப்போனால் போகட்டும். ஓவியர் அந்த நிறத்தைக் குறைத்ததே அந்தச் சுவருக்காகத்தான்.

கிழக்கு நடையின் சுவரில், அறைகளின் கதவுகளுக்கு இடையே, எண்மர் புனிதர் சூழ மரியாள் வீற்றிருக்கும் ஓர் ஓவியம் உண்டு. நிழல்களின் மாதா என்று அதை அழைக்கிறார்கள். அதில் எழுதப்பட்ட தூண்களின் மேற்கட்டுகள் பக்கவாட்டில் நீண்ட நிழல்களை வீழ்த்துகின்றன. நடையின் கோடியில் உள்ள மெய்யான சன்னலிலிருந்து வெயில் வந்தால் எந்தப் பக்கம் விழுமோ அந்தப் பக்கமாகவே விழுகின்றன. மேகம் மூடிய நாளிலும், மாலை மங்கி நடை முழுவதும் இருண்டுவரும் நேரத்திலும், கதவுகளின் நிழல்களும் மனிதர்களின் நிழல்களும் ஒவ்வொன்றாகக் கரைந்துபோக, அந்தச் சில நிழல்கள் மட்டும், சன்னலில் வெயில் இன்னும் நிற்பது போல, சுவரில் அப்படியே இருக்கின்றன.